சுடுகிற மதில் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் பிரிஸ்டலில் ஆறு வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் கம்பம் பக்கம். இந்த ஆகஸ்டில் அப்பா வந்திருந்தார், அவரைக் கூட்டிக்கொண்டு கார்ன்வாலில் இருக்கும் ஹெலிகன் தோட்டத்துக்குப் போனோம். இங்கிலாந்தின் பழைய தோட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போனேன், அதனால் உங்களிடமே கேட்கிறேன்.

அப்பா ஆயுள் முழுக்கப் பன்னீர் திராட்சை போட்டவர். அங்கே மதில் சூழ்ந்த தோட்டத்துக்குள் நுழைந்ததுமே, "வெள்ளாமைக்கு வேலி போடுவாங்க, இவங்க கோட்டையில்ல கட்டியிருக்காங்க" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆடு மாடு தாண்டாமல் இருக்க நெஞ்சுயரச் சுவர் போதாதா? பழத்துக்கும் பூவுக்கும் எதற்கு இரண்டு ஆள் உயரத்தில் செங்கல் மதில்? என் மனைவியோ, இதெல்லாம் பெரிய மாளிகைக்காரர்கள் பணத்தைக் காட்டிக்கொள்ளக் கட்டியது, அதுவும் நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த பணம், இதை டிக்கெட் வாங்கிப் பார்ப்பதே தப்பு என்கிறாள். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

ஆனால் கிளம்புகிற நேரத்தில் ஒன்று நடந்தது. வெயில் இறங்கிவிட்டது, காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. அப்பாவைக் காணோம் என்று தேடினால் மதிலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். "சுடுதுடா" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம் ஏதோ யோசனையாகவே இருந்தார்.

இப்படிப்பட்ட தோட்டத்தைப் பாரம்பரியம் என்று சொல்லிக் காப்பாற்றுவது சரியா? எதைக் காப்பாற்றுகிறார்கள்?

எஸ்., பிரிஸ்டல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் முதல் கேள்விக்கு அப்பாவே பதில் சொல்லிவிட்டார். சுடுகிறது. அதற்காகத்தான் அதைக் கட்டினார்கள்.

மதில் என்றதும் நமக்குத் திருட்டும் ஆடுமாடும்தான் நினைவுக்கு வரும். அதற்கும் அது உதவியது, முயலும் மானும் உள்ளே வராது. ஆனால் அதற்குப் பத்தடி, பன்னிரண்டடி வேண்டியதில்லை. அந்த உயரம் வெயிலைப் பிடிப்பதற்கு. நம் ஊரில் சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிக்கும் மொட்டைமாடித் தரை சுடும், இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பாய் விரிப்போம். பகலில் வாங்கிய சூட்டைச் செங்கல் லேசில் விடாது, ராத்திரி பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும். நமக்குத் தொல்லையாக இருக்கும் அந்தச் சூடு, அவர்களுக்குக் கிடைத்தற்கரிய பொருள்.

பீச் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதத்தில், இலை வருவதற்கு முன்பே பூத்துவிடும். இங்கிலாந்தில் உறைபனி மே மாதம் வரைக்கும் வரலாம். பூத்திருக்கும் சமயத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி போனால் போதும், ஒரே ராத்திரியில் அந்த வருடத்துப் பழம் மொத்தமும் போய்விடும். அந்த இரண்டு மூன்று டிகிரியைத்தான் மதில் கொடுக்கிறது. அதனால் மரத்தை மதிலுக்கு முன்னால் நடுவதோடு விடவில்லை, மதில்மேலேயே விசிறி மாதிரி விரித்து, ஒவ்வொரு கிளையையும் செங்கலோடு ஒட்டிப் படரவிட்டார்கள். அந்தக் குளிரில் தேனீயும் சரியாக வராது. எனவே தோட்டக்காரர் ஒரு குச்சியின் நுனியில் முயல் வாலைக் கட்டிக்கொண்டு, பூப்பூவாகத் தடவி மகரந்தம் சேர்ப்பார். மதிலின் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை, பூ இருக்கிற நாளெல்லாம்.

நாலு பக்கமும் ஒரே மதில்தானே என்று தோன்றும். நாலும் வேறு வேறு. தெற்கு பார்த்த சுவர்தான் ராஜா, அதில் பீச், நெக்டரின், ஆப்ரிகாட், அத்தி. மேற்கு பார்த்ததில் பிளம், பேரி. கிழக்கு பார்த்ததில் செர்ரியும், காலை வெயிலைத் தாங்குகிற பேரி வகைகளும். வெயிலே படாத வடக்கு பார்த்த சுவரையும் வீணாக்கவில்லை. அங்கே புளிப்பான மொரெல்லோ செர்ரியும், சிவப்புக் கரன்ட் என்கிற குட்டிப் பழச்செடியும் வைத்தார்கள், தாமதமாகப் பழுக்கட்டும் என்று வேண்டுமென்றே. மற்ற இடத்தில் பழம் முடிந்த பிறகு இங்கே பறிக்கலாம். மாளிகையின் சாப்பாட்டு மேசைக்கு இத்தனை மாதம் இன்னின்ன பழம் என்ற கணக்கு அந்த நாலு சுவரில் இருந்தது. மதிலுக்கு வெளிப்புறத்தையும் விடவில்லை, அங்கேயும் ஒரு பட்டை நிலத்தை ஒதுக்கிப் பயிர் செய்தார்கள்.

நல்ல கல் கிடைக்கிற ஊர்களில் வெளிப்புறம் கருங்கல்லும் உட்புறம் செங்கல்லுமாக மதில் இருக்கும். முட்டாள்தனமான செலவு மாதிரி தெரியும். ஆனால் செங்கல் சூட்டை நன்றாக வாங்கும், அதன் இடுக்கில் ஆணி அடிக்கலாம். அப்புறம் சரிவு. குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தைப் பார்த்து ஓடும். சரிவின் கீழ்ப்பக்கம் மதில் அடைத்துக்கொண்டிருந்தால் அங்கே குளிர் குளம் கட்டி நின்றுவிடும், செடி கருகும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் கீழ்ப்பக்கத்து மதிலில் ஒரு வாசல் வைத்து, கம்பிக்கதவு போட்டு, குளிர் வெளியே வழிந்து போக வழிவிட்டார்கள். வயலுக்கு வடிகால் வைப்பது போலத்தான், அப்பாவிடம் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்.

வெயில் போதாத ஊரில் மதிலுக்குள்ளேயே அடுப்பு வைத்தார்கள். சுவரை நடுவில் கூடாகக் கட்டி, புகை வளைந்து வளைந்து மேலே போகும்படி வழி விட்டு, பின்பக்கத்தில் அடுப்பு. பூக்கிற காலத்தில் ராத்திரி பனி விழும் என்று தெரிந்தால் அடுப்பைப் பற்றவைப்பார்கள். இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க் பக்கம் இருக்கும் டன்மோருக்குப் போய்வாருங்கள். டன்மோர் பிரபுவின் மதில் தோட்டம் அது. தெற்கு பார்த்த மதிலின் நடுவே ஒரு மண்டபம், அதன் வாசலுக்கு மேலே 1761 என்று பொறித்திருக்கிறது. மண்டபத்தின் தலையில் சுமார் 14 மீட்டர் உயரத்துக்கு ஒரு கல் அன்னாசிப்பழம்! முதலில் பார்த்தபோது எனக்கும் விளையாட்டுப் பொருள் போலத்தான் இருந்தது. பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தால் வேறு கதை. வளைந்து நிற்கும் ஒவ்வொரு கல் இலையிலும் தண்ணீர் வடிய தனித்தனியாக வழி செதுக்கியிருக்கிறார்கள். எங்கேயாவது ஒரு சொட்டு தேங்கினால் குளிர்காலத்தில் அது உறைந்து, விரிந்து, கல்லைப் பிளந்துவிடும். எங்கேயும் தேங்காதபடி செதுக்கியதால்தான் இரண்டரை நூற்றாண்டாக நிற்கிறது. மதிலின் உச்சியில் அலங்கார ஜாடிகள் மாதிரி நிற்பவை உண்மையில் புகைபோக்கிகள். இரு பக்கத்துக் கண்ணாடிக் கூடங்களையும் சூடாக்கிய அடுப்பின் புகை அந்த ஜாடி வழியாகப் போனது. அந்தக் கட்டிடத்தை நான் சாமானியத்தில் மறக்க மாட்டேன். கல்தச்சனின் பெயர் தெரியவில்லை என்பதுதான் மனதை உறுத்துகிறது.

அன்னாசிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்பீர்கள். நமக்கு அது தள்ளுவண்டிப் பழம், வெட்டி மிளகாய்த்தூள் தூவிக் கொடுப்பார்கள். தென் அமெரிக்காவில் பிறந்து போர்ச்சுகீசியர் கப்பலில் நம்மிடம் வந்தது, பெயரும் அவர்களோடு வந்ததுதான். வந்த இடத்தில் நம் மண்ணிலும் வெயிலிலும் தானாகப் பிடித்துக்கொண்டது. பிரிட்டனில் அதே செடியை ஒரு பழம் வரைக்கும் கொண்டுபோக இரண்டு மூன்று வருடம் இரவு பகலாகச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெலிகனில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், சரிவான கண்ணாடி மூடிகள் போட்ட ஒரு நீளமான குழி. பதினெட்டாம் நூற்றாண்டு வேலை அது. நடுவில் அன்னாசிச் செடிகள், இரு பக்கமும் பள்ளம், அந்தப் பள்ளத்தில் புதுக் குதிரை இலத்தியும் வைக்கோலும். எரு புழுங்கும்போது கிளம்பும் சூடு, ஓட்டை விட்டுக் கட்டிய செங்கல் சுவர் வழியாக உள்ளே போகும். எருக்குழியில் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு எவ்வளவு என்று தெரியும். ஆறிப்போனால் வண்டி வண்டியாக அள்ளிப் போட்டுவிட்டுப் புது எரு நிரப்ப வேண்டும். பனியில், இருட்டில், ஒரு பழத்துக்காக.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தெற்கு பார்த்த மதிலுக்கு ஒரு பின்பக்கம் உண்டு. சுற்றுலா வருபவர்கள் அதிகம் போகாத பக்கம். வெயிலே படாத அந்த நிழல் பக்கத்தில் மதிலை ஒட்டியபடி வரிசையாக ஓட்டுச் சாய்ப்புகள் இருக்கும். கொதிகலன் அறை, செடித் தொட்டிகளில் மண் நிரப்பும் அறை, காளான் வளர்த்த இருட்டறை, ஆப்பிள் அடுக்கி வைக்கும் அறை, கருவி அறை. கூடவே கல்யாணமாகாத இளம் தோட்டக்காரர்கள் படுத்துத் தூங்கிய அறை. ராத்திரியில் எழுந்து அடுப்பைப் பார்க்க வேண்டும் என்பதால் அவர்கள் வீடு அங்கேயே. ஒரே மதில்தான். வெயில் விழுகிற பக்கம் பழத்துக்கு, நிழல் பக்கம் மனிதர்களுக்கு. மதில் தோட்டங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

ஹெலிகனில் முதல் உலகப் போருக்கு முன்னால் 22 தோட்டக்காரர்கள் இருந்தார்கள். 1916இல் எட்டுப் பேர். போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. போர்க்காலத்தில் மாளிகை காயம்பட்ட அதிகாரிகளின் ஓய்வு இல்லமாக மாறியது, பிறகு வாடகைக்குப் போனது, தோட்டத்தை முட்புதர் மூடியது. 1990இல் புதரை வெட்டிக்கொண்டு உள்ளே போனவர்கள் மதிலோரத்தில் இடிந்து கிடந்த ஒரு கழிப்பறையைக் கண்டார்கள். தோட்டக்காரர்களுக்கான கழிப்பறை. அதன் சுவரில் பென்சிலால், இங்கே தூங்க வராதே என்கிற பொருளில் ஒரு வரி, அதற்குக் கீழே அவர்களுடைய பெயர்கள், ஆகஸ்ட் 1914 என்று தேதி. போர் ஆரம்பித்த மாதம். இன்று இருக்கிறவன் நாளைக்கு இருப்பானா என்று தெரியாமல், வேலைக்கு நடுவே நாலு பேர் கிறுக்கிவிட்டுப் போன மாதிரி. மாளிகை முதலாளிகளின் பெயர் பத்திரங்களில் இருக்கும், படங்களில் இருக்கும். இவர்கள் பெயர் கழிப்பறைச் சுவரில் இருந்தது, அதுவும் அழியாமல் இருந்தது. 2013இல் லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அந்த அறையை வாழும் நினைவிடமாக அங்கீகரித்தது. தோட்டத்தை மீட்டவர்கள் அந்தப் பெயர்களுக்காகத்தான் மீட்டோம் என்று சொல்லிவருகிறார்கள், நான் அதை நம்புகிறேன்.

இனி உங்கள் மனைவி சொன்னது. அவர் சொல்வது சரி. இந்த மாளிகைகளில் பலவற்றின் செங்கல்லுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆகவேண்டும். செங்கல்லுக்கே 1784 முதல் 1850 வரை வரி இருந்தது, கண்ணாடிக்கு 1746 முதல் 1845 வரை வரி. அந்தக் காலத்தில் மதிலும் கண்ணாடிக் கூடமும் கட்டியவனிடம் எவ்வளவு பணம் இருந்திருக்க வேண்டும்! பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கிற இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2020இல் தன் வசமுள்ள இடங்களில் 93க்குக் காலனியத்தோடோ அடிமை வியாபாரத்தோடோ தொடர்பு உண்டு என்று அறிக்கையே வெளியிட்டது, அதற்காகத் திட்டும் வாங்கியது. நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒரு உதாரணம் சொல்கிறேன். கார்ன்வால் போகிற வழியில் எக்ஸெடரைத் தாண்டியிருப்பீர்கள். அதன் பக்கத்தில் ஹால்டன் மாளிகை என்று ஒன்று இருந்தது. அதை வாங்கியவர் ராபர்ட் பாக், 1763 முதல் 1767 வரை மதராஸ் கவர்னர். பாக் ஜலசந்தி என்று ராமேஸ்வரத்துக் கடலைச் சொல்கிறோமே, அந்தப் பாக். மாளிகையின் பெரும்பகுதியை 1920களில் இடித்துவிட்டார்கள். மதராஸ் படையை நடத்திய ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் நினைவாகப் பாக் 1788இல் கட்டிய மூன்று பக்கக் கோபுரம் மட்டும் குன்றின்மேல் இன்னும் நிற்கிறது. இதையெல்லாம் தகவல் பலகையில் எழுதிப் போடவேண்டும், பெரிய எழுத்தில். ஆனால் அதற்காக மதிலை இடிந்து போகட்டும் என்று விட்டால் போகப்போவது முதலாளியின் புகழ் மட்டுமில்லை. எந்தச் சுவரில் எந்த மரம், எப்போது அடுப்பு, எவ்வளவு எரு என்று அந்த மதிலுக்குள் இருப்பது முழுக்க வேலை செய்தவர்களின் அறிவு. அது எழுதி வைக்கப்பட்டதைவிடச் செங்கல்லில் இருப்பதுதான் அதிகம்.

இதை நான் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். ஷ்ராப்ஷயரில் ஒரு பழைய மாளிகையின் மதில் தோட்டத்தில் இரண்டு வருடம், வாரம் ஒரு நாள் தன்னார்வலராக வேலை பார்த்தேன். பிளம் கிளைகளைக் கட்டுகிற வேலை. முதல் நாள் சுவரைப் பக்கத்தில் பார்த்தபோது அம்மைத் தழும்பு மாதிரி ஆயிரக்கணக்கில் ஓட்டைகள், செங்கல்லுக்கு நடுவிலுள்ள காரையில். எல்லாம் ஆணி அடித்த தடம். அந்தக் காலத்தில் சுவரில் கம்பி இழுத்துக் கிளையைக் கட்டும் வழக்கம் வருமுன், பழைய கம்பளித் துணியை விரலளவு பட்டையாகக் கிழித்து, கிளையைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஆணி அடிப்பார்கள். கிளை பருத்தால் பிடுங்கி வேறு இடத்தில் அடிக்க வேண்டும், வருடா வருடம். ஒரு துருப்பிடித்த ஆணியை நான் பிடுங்கியபோது அதன் கழுத்தில் கறுத்துப்போன துணி ஒட்டிக்கொண்டிருந்தது. நெசவின் இழை தெரிந்தது. யாருடைய கோட்டோ.

அந்தச் சுவரின் ஒரு பகுதியை அடுத்த வருடம் பழுது பார்த்தார்கள். வந்த ஒப்பந்தக்காரர் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தார். நாங்கள் இரண்டு மூன்று பேர் சொல்லிப் பார்த்தோம், சுண்ணாம்புக் காரைதான் வேண்டும் என்று, கேட்கவில்லை. பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. பழைய செங்கல் மென்மையானது. அதில் இறங்கும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக மெல்ல வெளியேறும். சிமெண்ட் அதை விடாது. ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து, செங்கல்லின் முகத்தைத் தள்ளிவிடும். இரண்டாவது குளிர்காலம் முடிந்து நான் போனபோது மதிலடியில் செங்கல் சில்லுகள் அப்பளம் நொறுங்கின மாதிரி கிடந்தன. சிமெண்ட் கோடுகள் மட்டும் வலை மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. இருநூறு வருடம் தாங்கிய சுவர். எனக்கு அழுகையே வந்தது.

எதைக் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டீர்களே, என் பதில் இதுதான்: பல இடங்களில் மதிலை மட்டும் காப்பாற்றுகிறார்கள், அது போதாது. உள்ளே புல்தரை போட்டு, கல்யாண வரவேற்புக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வாகனம் நிறுத்துமிடமாக ஆனவை உண்டு, உள்ளே வீடு கட்டி விற்றவை உண்டு. பணம் இல்லாமல் என்ன செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும், ஆட்களுக்குச் சம்பளம், கூரைக்குக் கண்ணாடி, எல்லாம் யானைத் தீனி. ஆனாலும் தெற்கு பார்த்த ஒரு மதில் ஒரு பீச் மரம்கூட இல்லாமல் சும்மா சுட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, எண்ணெயும் திரியும் இல்லாத விளக்கைப் பார்ப்பது போல இருக்கிறது. ஹெலிகனில் அப்படி இல்லை. அங்கே எருக்குழியில் இன்றைக்கும் இலத்தி கொட்டுகிறார்கள், அன்னாசி காய்க்கிறது. நீங்கள் கொடுத்த டிக்கெட் காசு அந்த வேலைக்குப் போகிறது என்பதை உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். அப்புறமும் அவர் கோபப்பட்டால் அந்தக் கோபத்தோடேயே அடுத்த முறை வரட்டும், கோபத்துக்கும் ரசனைக்கும் அங்கே இடம் உண்டு.

அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். இந்த மாதிரித் தோட்டங்களில் திராட்சைக்கென்றே கண்ணாடிக் கூடங்கள் இருக்கும், அவற்றில் பல இடங்களில் வேர் வெளியே மண்ணில் இருக்கும், சுவரின் அடியில் ஒரு துளை போட்டு அது வழியாகக் கொடியை உள்ளே கண்ணாடிக்குக் கீழே கொண்டுவந்திருப்பார்கள். வேருக்கு மழை, கொடிக்கு வெயில். அவர் இதைக் கவனித்தாரா? இங்கே கொடிகளை இலை உதிர்ந்த பிறகு, டிசம்பர் ஜனவரியில் கவாத்து செய்வார்கள், போன வருடத்துக் கிளையில் ஒன்றிரண்டு கணு மட்டும் விட்டு ஒட்ட வெட்டிவிடுவார்கள், கொடி வெறும் கட்டையாக நிற்கும். கம்பத்தில் அவர் எத்தனை கணு விடுவார், வருடத்துக்கு எத்தனை தடவை கத்தி வைப்பார் என்று எழுதுங்கள்.

அன்புடன்
அக்கா